பத்து மணி போன்

புது மாடலில் டிஸ்க் போடும் வசதியைத் தூக்கியதிலிருந்து அந்த கேம் கன்சோல் கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் ஓயவில்லை. அதிலும் ஒருவர் தினமும் பத்து மணிக்குக் கூப்பிட்டுவிடுவார். போனை எடுப்பவள் அவருக்கு வைத்த பெயர், டிஸ்க்காரர்.

“என் பொண்ணு சேர்த்து வச்ச அறுபது டிஸ்க்கை எங்கம்மா கொண்டுபோய்க் கொட்டுறது? எடுத்த நல்ல பேரை நீங்களே கெடுத்துக்கறீங்களே!”

நாற்பதாவது நாள், அவர் சொன்ன அத்தனையையும் எழுதி எடுத்துக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

“சார், இது திட்டு இல்ல. நம்ம மேல இருக்கிற உரிமை.”

மேனேஜர் மேலிடத்தில் மல்லுக்கட்டினார். அடுத்த மாடலில் டிஸ்க் திரும்பி வந்தது. அறிவித்த அன்றே முன்பதிவு தீர்ந்தது. ‘சொன்னா காது கொடுத்துக் கேட்கிற கம்பெனி’ என்று ஊரே பேசியது.

“உன்னாலதாம்மா தலை நிமிர்ந்தோம். முதல் பெட்டியை அந்த டிஸ்க்காரருக்கு உன் கையாலயே கொடு” என்றார் மேனேஜர்.

டிஸ்க்காரர் வந்தார். பெட்டியை ஆசையாகத் தடவிவிட்டு, வாரண்டி அட்டையை நிரப்பி நீட்டினார். ‘வேலை’ என்ற இடத்தைப் படித்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

போட்டிக் கம்பெனியின் தலைமை டிசைனர்!

“சார், எங்க பேர் கெட்டா உங்களுக்கு நல்லதுதானே?”

அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆபீஸ்ல நல்லதுதாம்மா. வீட்ல என் பொண்ணு, நான் செஞ்சதைத் தொடக்கூட மாட்டேங்கிறாளே!”