வேகம் கூட்டியவன்

“மேடம், எண்பத்தொண்ணு! இறங்கிட்டே போகுது மேடம்!” ஷாநவாஸின் குரல் உடைந்தது.

அவனுடைய உம்மா மஸூதாவின் கட்டிலுக்கு மேலிருந்த திரையில் ஆக்சிஜன் அளவு எண்பதுக்குக் கீழே போனது. நெஞ்சுச் சளிக்காகச் சேர்த்திருந்த அந்த அம்மாளோ, “ஏன்டா அழுவுறே? எனக்கு ஒண்ணுமில்லடா. ஒரு டீ வாங்கிட்டு வா,” என்றாள்.

“அதை நம்பாதீங்க. ஆக்சிஜன் குறைஞ்சாலும் சில பேர் இப்படித்தான் நல்லாப் பேசுவாங்க,” என்றார் டாக்டர் சுதா. “உடனே போர்ட் பிளேர் கொண்டு போகணும்.”

அந்தமானில் ரங்கத் என்ற ஊரின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு இருப்பது ஒரே ஆம்புலன்ஸ். காட்டுச் சாலை, இடையில் வண்டியையே படகில் ஏற்றிக் கடக்க வேண்டும். வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டால்?

அந்த அறையில் இருந்த இன்னொரு கட்டிலில் குழந்தைவேலு அசையாமல் படுத்திருந்தார். காலையெல்லாம் மூச்சு வாங்க வாங்கப் பேசிக்கொண்டிருந்த மனிதர். அவர் திரையில் தொண்ணூற்றெட்டு.

“எங்கப்பா இப்பத்தான் அசந்து தூங்குறார். உங்க உம்மாவுக்கும் சரியாயிடும் தம்பி,” என்றாள் அவர் மகள் சந்திரமதி.

“ஜல்தி கரோ மேடம், வெசல் நிகல் ஜாயேகா!” படகு கிளம்பிவிடும் என்று அவசரப்படுத்தியபடி டிரைவர் ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார்.

அப்போதுதான் ஷாநவாஸுக்கு அது உறைத்தது. இரண்டு திரைகளுக்கும் எண்களை அனுப்பும் கம்ப்யூட்டர், மெயின்லேண்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியின் சரக்கு. அதன் கெர்னலை, அதாவது அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை, எழுதுகிறவர்களில் அவனும் ஒருவன்.

உள்ளே பல ப்ராசஸர்கள். ஒவ்வொன்றும் ஒரு நோயாளியின் எண்ணைக் கவனிக்கும்; ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் தனிப் பெட்டி. ஒரு வேலை தன் பெட்டியில் எழுதி முடிக்கும்வரை அதை வேறு ப்ராசஸருக்கு மாற்றக் கூடாது என்று ஒரு தடை இருந்தது. வேகம் கூடட்டும் என்று அதை எடுத்துவிட்டவன் அவன்தான். லீவில் வந்த இடத்தில், நேற்று அந்தப் புதுக் கெர்னலை இங்கே ஏற்றியவனும் அவனே.

பெட்டியின் முகவரியை வாங்கிய வேலை, எழுதுவதற்குள் இடம் மாறினால்? எண் அடுத்தவர் பெட்டியில் போய் விழும்.

உம்மாவின் விரலிலிருந்த கிளிப்பைப் பிடுங்கித் தன் விரலில் மாட்டினான். அப்போதும் திரையில் எண் ஏறவில்லை. எழுபத்துநாலு. எழுபத்தொண்ணு.

“பாருங்க மேடம்! குத்துக்கல்லாட்டம் நிக்குறேன், எனக்கா எழுபத்தொண்ணு? தப்பு மேடம், என் தப்பு!”

டாக்டர் மேசை டிராயரில் கிடந்த, கம்ப்யூட்டரோடு சேராத பழைய ஆக்சிஜன் கருவியைத் தேடி எடுத்து உம்மாவின் விரலில் மாட்டினார். தொண்ணூற்றெட்டு.

ஷாநவாஸ் தரையில் உட்கார்ந்து அழுதான், சிரித்தான், மறுபடி அழுதான். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்.

“மெஷினு பொய் சொல்லிடுச்சா தம்பி?” சந்திரமதியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பொய் இல்லக்கா, நிஜ நம்பர்தான். ஆனா உம்மாவோடது இல்ல. வேற ஆளோடது இதுல வந்து விழுந்திருக்கு.”

சந்திரமதியின் கண்கள் மெல்ல அந்த இன்னொரு கட்டிலுக்குப் போயின.

“அப்பா… எந்திரிங்கப்பா!”