கறுப்புத் திரை

இரட்டையரில் மூத்தவளுக்குக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ஒன்பது நாளாகிறது. டாக்டர் சொன்ன ஓய்வை அம்மா இம்மியும் பிசகாமல் காத்தாள். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, விளக்கில்லை, பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டு கதவோரம் போகும், காலியாகத் திரும்பும்.

இறுதிப் போட்டியன்று காலையில் கோச் வாசலில் வந்து நின்றார்.

“ஒரே ஒரு மேட்ச்தாம்மா. சின்னவ நல்லா ஓடுவா, ஆனா கோல் போடத் தெரியாதே!”

“மறுபடி அடிபட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்கார். உங்க கப்பு பெருசா, என் பொண்ணு பெருசா? சின்னவ அப்பவே கிளம்பிட்டா. அவளை வெச்சு ஆடுங்க.”

மதியம் கோச்சிடமிருந்து போன் வந்தது. “அம்மா, சின்னவ ரெண்டு கோல்! இத்தனை நாளா இதையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தா?”

அம்மா பூரித்துப்போய் இருட்டறைக் கதவைத் திறந்து கிசுகிசுத்தாள். “உன் தங்கச்சி ரெண்டு கோல் போட்டுட்டாடி.”

போர்வை இன்னும் மேலேறி முகத்தை மூடிக்கொண்டது.

கால் மணி நேரத்தில் மறுபடியும் கோச். குரல் உடைந்திருந்தது. “சின்னவ இன்னொருத்தி தலையில லேசாத்தான் மோதினா. எழுந்து நின்னவ அப்படியே சரிஞ்சுட்டா. மூச்சு வரலம்மா...”

“லேசான அடிக்கா? அவளுக்குத்தான் ஒண்ணுமே இல்லையே!” அம்மா அலறினாள்.

இருட்டறையிலிருந்து ஓடிவந்தவள் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“நான்தாம்மா சின்னவ.”