முந்நூற்று அறுபத்தாறாவது நாள்

“சார், உங்க கட்டுரைக்காக ஒரு பக்கம் காலியா கிடக்கு. அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா வேற எதையாவது போட்டுடுவேன்” என்று கத்திவிட்டுப் போனை வைத்தார் பத்திரிகை ஆசிரியர்.

எழுத்தாளர் குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்குள் நடந்தார்.

“நேத்தே எழுதி முடிச்சிட்டீங்களே, அனுப்ப வேண்டியதுதானே?” என்றாள் மனைவி.

“இன்னொரு தடவை படிச்சுப் பார்க்கணும்.”

“நகருங்க, நான் படிக்கிறேன்.” கணினி முன் உட்கார்ந்து உரக்கப் படித்தாள்: “‘ஒரு வருடம் தினமும் ராசிபலன் சொன்னபடியே நடந்து பார்த்தேன். பச்சைச் சட்டை போடச் சொன்னால் போட்டேன். தெற்கே போகாதே என்றால் போகவில்லை. பலித்தது பதினோரு நாள்தான். ராசிபலன் சுத்தப் புரட்டு. இனி யாரும் பயப்பட வேண்டாம்.’ பிரமாதமா இருக்குங்க! அனுப்பிடவா?”

“ஐயோ, தொடாதே!”

மணி நாலே முக்கால். போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

மேஜையில் கிடந்த அன்றைய நாளிதழை அவள் பார்த்தாள். அவருடைய ராசிக்குக் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு: ‘இன்று எழுத்தால் வம்பு வரும்.’

“ஏங்க, சோதனைதான் நேத்தோட முடிஞ்சிடுச்சே?”

“முடிஞ்சிடுச்சுதான்” என்றார் அவர். “ஆனா, இது பன்னெண்டாவதா இருந்துட்டா?”