ஞாயிற்றுக்கிழமைப் பிழை

மனைவி இறந்தபின் அமெரிக்காவின் டுலூத் நகரில் தனியாக வசித்த வெர்ன், அப்போதுதான் வீடுகளுக்கு வந்திருந்த சின்னக் கணினிகளில் புரோகிராம் எழுத உதவும் மென்பொருள் ஒன்றை உருவாக்கித் தபாலில் விற்றுவந்தார். அதில் ஒரு பிழை. எழுதும் புரோகிராம் இருநூறு வரியைத் தாண்டினால் திரை அப்படியே நின்றுவிடும். உதவிக்குக் கையேட்டில் அவர் வீட்டு ஃபோன் நம்பர் இருந்தது.

ஞாயிறு காலை, அந்த மென்பொருளை வாங்கியிருந்த லொரெட்டா ஒமாஹா நகரிலிருந்து வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

"மறுபடி நின்னுபோச்சு வெர்ன். எப்பத்தான் இத சரிபண்ணப் போறீங்க?"

"தேடிக்கிட்டேதான் இருக்கேன் லொரெட்டா."

தற்காலிக வழியைச் சொன்னார். பேச்சு பனிக்கும், அவள் அடுப்பில் தீயவிட்ட ஆப்பிள் கேக்குக்கும் தாவி ஒரு மணிநேரம் ஓடியது. அன்று ஏனோ பொய் அவரை உறுத்தியது.

"ஒரு உண்மைய சொல்லிடறேன். அந்தப் பிழை எங்க இருக்குன்னு எனக்கு மொத வாரமே தெரியும். ஒரே ஒரு வரிதான். அத மாத்திட்டா இந்த ஃபோன் அடிக்காதேன்னு விட்டுட்டேன்."

அவள் ஃபோனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தார்.

"அந்த வரிய போன வருஷமே நான் கண்டுபிடிச்சு மாத்திட்டேன் வெர்ன்" என்றாள் லொரெட்டா.