ஆட்டினால் எரியும் டார்ச்

நீலமேகத்தின் டார்ச் புதுப்பட்டினம் குப்பம் முழுக்கப் பிரசித்தம். பேட்டரி கிடையாது, தினமும் நூறு தரம் ஆட்டினால் போதும் என்று டீக்கடையில் ஆள் பிடித்து ஆட்டிக் காட்டுவார். மனைவி ஜெகதாம்பாள் சந்தையில் வாங்கி வந்தது.

மூன்று மாதம் ஒழுங்காக எரிந்தது, அன்று காலை மக்கர் பண்ணியது. பூசாரி உடுக்கை அடிப்பதுபோல் இருநூறு தரம் ஆட்டியும் பலனில்லை.

"உள்ள காந்தம் கீது நைனா. அது கம்பிச்சுருளுக்குள்ள போய் வந்தாதான் வோல்டேஜ் வரும். வேகமா ஆட்டுனா இன்னும் ஏறும்," என்றாள் பிளஸ் டூ படிக்கும் மகள் தேவிப்பிரியா.

"இதுக்கு மேல ஆட்டுனா கை கயண்டுக்கும்." அவர் டார்ச்சை இடது கைக்கு மாற்றினார்.

"வலது கையாலயே ஆட்டுய்யா," என்று அடுப்படியிலிருந்து ஜெகதாம்பாளின் குரல் வந்தது.

"எந்தக் கைன்னு காந்தத்துக்கு இன்னாடி தெரியும்?"

ஜெகதாம்பாள் வந்து டார்ச்சைப் பிடுங்கினாள். அடிமூடியைத் திருகி, பழைய பேட்டரியை எடுத்துவிட்டுப் புதிது போட்டாள். பளிச்சென்று எரிந்தது. தேவிப்பிரியா புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இதுல காந்தமும் இல்ல, சுருளும் இல்ல. நீ தூங்கசொல்ல நான்தான் பேட்டரி மாத்திகினு இருந்தேன். இந்தத் தபா மறந்துட்டேன்."

"அடிப்பாவி, இன்னாத்துக்கு?"

"தோள்பட்டை இறுகிப்போச்சு, தினம் கைய ஆட்டுன்னு டாக்டர் தலபாடா அடிச்சிகினாரே, கேட்டியா நீ?"

நீலமேகத்துக்கு மானம் போயிற்று. "ஊரையே கூட்டிக் காட்டிகினு இருந்தேனே," என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கத்தினார்.

ஜெகதாம்பாள் அந்தக் கைகளையே பார்த்தாள்.

"மூணு மாசம் முன்னால உனக்குச் சட்டையே நான்தான்யா மாட்டிவுட்டேன்."