நாற்பதாவது தலை

நலமாக இருப்பவரின் மூளை அலை எப்படி ஓடும் என்று தெரிந்தால்தான் நோயாளியின் அலையை எதோடாவது ஒப்பிட முடியும். அதற்காக ஆள் தேடி, மூளை அலைகளைப் பதிவு செய்யும் ரெபேக்காள், தன் ஆஸ்பத்திரி வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தாள். முப்பத்தொன்பது பேர் வந்தும் ஒரு பதிவுகூடத் தேறவில்லை. "கண்ணை மூடிக்கிட்டு எதையும் நினைக்காம படுங்க" என்று அவள் சொன்னதுமே எல்லாருக்கும் ஏதோ ஒன்று நினைவுக்கு வந்து, திரையில் கோடுகள் கலைந்துவிடும்.

இன்று வந்தவர் மொட்டை போட்டிருந்தார். எண்ணெய்ப் பிசுக்கில்லாத தலையில் வயர்கள் வைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டன. "திருப்பதியா சார்?" என்றாள். "ம்" என்றார். சமீபத்தில் துக்கம் உண்டா என்ற கேள்விக்குப் படிவத்தில் இல்லை என்று எழுதியிருந்தார். இருபது நிமிடமும் கோடுகள் பாடநூலில் அச்சிட்டதுபோல ஓடின. ரெபேக்காளுக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

"முடிஞ்சுது சார், எந்திரிக்கலாம்."

அவர் எழவில்லை. "அம்மா போய் ஒன்பது நாள் ஆகுது மேடம். மொட்டை அதுக்குப் போட்டது. வீட்ல கண்ணை மூடினா அவங்க இருமுற சத்தம் கேக்குது. எதையும் நினைக்காம படுத்திருந்தா போதும்னு நோட்டீஸ்ல போட்டிருந்தீங்க. அதான் பொய் சொல்லிட்டேன்."

அவர் பேசப் பேசக் கோடுகள் தாறுமாறாகத் துள்ளின. துக்கக்காரர் பதிவை அழித்துவிட வேண்டும் என்பது விதி. அவள் விரல் பொத்தானுக்குப் போனது.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும் மேடம்" என்று அவராகவே கண்ணை மூடிக்கொண்டார்.

கோடுகள் மறுபடியும் சீராயின.