தட்டாமல் விட்ட கன்னம்

ஆயர் ஞானாதிக்கத்துக்குக் கை கழன்று விழும்போல் இருந்தது. காலையிலிருந்து தொண்ணூற்றேழு பேருக்கு நெற்றியில் எண்ணெய் பூசி, பழைய வழக்கப்படி கன்னத்தில் லேசாக ஒரு தட்டும் தட்டி, தூய ஆவியைப் பெறும் உறுதிபூசுதல் என்னும் திருச்சடங்கைக் கொடுத்திருந்தார். அங்கியைக் கழற்றப்போன நேரத்தில் மிக்கேலம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

“எல்லாரையும் தட்டுனிய. என்னைய மட்டும் தடவி விட்டுட்டியளே, ஆண்டவரே. இது செல்லுமா?”

“ஒன் கன்னம் ஏற்கெனவே வீங்கிக் கெடக்கேம்மா.”

“அது வீட்டுக்காரரு அடி. இது ஆவியானவருக்கு உள்ளதுல்லா?”

வீங்காத பக்கத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். மறு கன்னத்தைக் காட்டச் சொல்லி நாற்பது வருடம் பிரசங்கம் செய்தவர் மெல்லக் கையைத் தூக்கினார். படுவதற்கு முன்பே அவள் தோள் தானாகக் குறுகியது. தூக்கிய கை அங்கேயே நின்றுவிட்டது.

“தட்டுங்க, ஆண்டவரே,” என்றாள், கண்ணைத் திறக்காமல்.